ஏரிச் சேற்றில் ஒரு கல்யாண கேசட்

போன வாரம் சாலவாக்கம் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டேன். கதிர் முற்றிய வயலைச் சுற்றி, குருவி அண்டாமலிருக்க யாரோ வீடியோ கேசட் நாடாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்றில் அது விர்ரென்று பாடியது. வெயிலில் மின்னி மின்னி மறைந்தது. எவர் வீட்டுக் கல்யாணமோ என்று பார்த்துக்கொண்டே நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை.

எனக்கு அந்த நாடாவோடு பழைய சகவாசம். உத்திரமேரூரில் ஒரு வீடியோ ஸ்டூடியோவை மூடியபோது, இரண்டு சாக்கு கல்யாண கேசட்டுகளைக் குப்பைக்குப் போகவிடாமல் தூக்கி வந்தேன். அடுத்தவர் எடுத்துப் போட்டதை வெட்டி ஒட்டிப் படம் பண்ணுவது என் தொழில். தொழில் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன், வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

நாடாவை ஏரிச் சேற்றில் புதைப்பேன். ஒரு மாதம் கழித்துத் தோண்டி, அலசி, கொடியில் காயப்போட்டு ஓட்டுவேன். சேறு தின்றது போக மிஞ்சியது திரையில் வரும். பந்தலும் மாலையும் கரைந்து, தண்ணீருக்கடியில் யாருக்கோ கல்யாணம் நடப்பதுபோல நீலமும் சிவப்புமாக மெல்ல அசையும். நாள் முழுக்க அதில் கிறங்கிக் கிடப்பேன். பக்கத்து வீட்டு நாகப்பன் கொடியைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, நெல்லே காணோம், குருவிய வெரட்டிக்கினு கீற" என்பார்.

புதைப்பதற்கு முன் எதையும் ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒரு கொள்கை வேறு. பார்த்தால் பாசம் வந்துவிடுமாம். எதை வைப்பது, எதை அழிப்பது என்று மண்ணே முடிவு செய்யட்டும் எனப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அப்போதுதான் மாகறலிலிருந்து செல்வி என்கிற பெண் ஸ்டூடியோவைத் தேடி வந்து, விசாரித்துக்கொண்டு என் வாசலில் நின்றாள். அவள் அக்கா கல்யாண கேசட் வேண்டுமாம். வீட்டிலிருந்தது பூசணம் பிடித்துப் போயிற்று, ஸ்டூடியோவில் வைத்திருந்ததுதான் மிச்சம்.

"எங்கம்மா அதுல தட்டு தூக்கினு நடந்து வரும்ணா. அடுத்த வருசமே செத்துப்போச்சு, நான் கைக்கொழந்த. போட்டோ வூட்ல கீது. நடக்கறது அதுல மட்டும்தான் கீது."

அக்காவின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயர் எழுதிய உறை என் அலமாரியில் காலியாகக் கிடந்தது. புதைத்து இருபது நாள் ஆகியிருந்தது.

இருவரும் ஏரிக்குப் போய்த் தோண்டினோம். அவளே கழுவினாள், குழந்தைக்குத் தலை அலசுவதுபோல. மறுநாள் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, புகைபோல ஏதோ நகர்ந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் சாய்ந்து பார்த்தாள். முடிகிறவரை அம்மா வரவில்லை.

"பரவால்லணா. நீ பொதைக்கறதுக்கு முன்னாடி பாத்திருப்ப இல்ல? எங்கம்மா எப்டி நடந்துச்சு, சொல்லு."

ஏதாவது சொல்லியிருக்கலாம். கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார் என்றால் நம்பியிருப்பாள். "நான் பாக்கலம்மா" என்றேன்.

"பாக்காமயேவா பொதச்ச?"

கேசட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அதற்கப்புறம் எந்தக் கேசட்டையும் முழுசாக ஒருதரம் பார்க்காமல் நான் தொடுவதில்லை. ஊர் பேர் தெரியாத எத்தனையோ அம்மாக்கள் தட்டோடு நடந்து போகிறார்கள். செல்வியின் அம்மா மட்டும் எதிலும் வருவதில்லை. அவர் நடந்து வந்ததைக் கடைசியாகப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.