கோரெங் என்று ஒரு சொல்

ஜெயமலருக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் எட்டு மெஷின்களுக்கு நடுவில் நடக்கிற வேலை. எதன் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அங்கே ஓட வேண்டும். பதினோரு வருடமாக ஓடி ஓடி, பாடாங் செராய் வீட்டிலும் கால் அடங்குவதில்லை. கோயிலில்கூட விபூதித் தட்டோடு பூசாரிதான் அவள் பின்னால் நடப்பார்.

அவள் நிற்கிற நேரம் ஒன்றே ஒன்று. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் யுவஷினியின் உணவுப் பெட்டியை மாலையில் திறந்து பார்க்கிற நேரம்.

பிள்ளைக்கு ஒன்பது வயது, பத்தொன்பது கிலோ. கிளினிக்கில் தாதி எடையைக் குறித்துவிட்டுத் தாயை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே ஜெயமலர் பாதி இளைத்தாள். இட்லி ஈரமாம், ரொட்டி காய்ந்ததாம், தோசை ஆறிவிட்டதாம். உலகத்துச் சாப்பாடு எல்லாவற்றோடும் யுவஷினிக்கு வழக்கு. ஒன்றோடு மட்டும் சமாதானம்: நாசி கோரெங். இரவு மிஞ்சின சோறு, ஒரு முட்டை, ஒரு பிடி நெத்திலி, ஒரு தேக்கரண்டி எண்ணெய். காலை ஐந்து மணிக்குப் புரட்டி அடைத்து வைத்துவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பாள். பெட்டி காலியாக வரும். இரண்டு வருடமாக அப்படித்தான் வந்தது.

அந்தச் சமாதானத்தைக் கெடுத்தவளும் ஜெயமலரேதான். எப்படியென்றால், ஒரு சனிக்கிழமை காலை, இரவு வேலை முடித்த கையோடு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். காற்றாடிக்கு நேர்கீழே நாற்காலி கிடைத்தது. ஆரோக்கியம், இனிப்புநீர் நோய், எதிர்காலத் தலைமுறை என்று செயலாளர் புவனேசன் பேசப் பேச, இவளுக்குக் கண் சொருகியது. கழிவறைக்குப் போகலாமா என்று கேட்கக் கையைத் தூக்கினாள். "நன்றி மலர்," என்றார் புவனேசன். எதற்கு நன்றி என்று புரியாவிட்டாலும் போய்விட்டு வந்தாள்.

திங்கட்கிழமை வாட்ஸ்அப் புலனக் குழுவில் கூட்டக் குறிப்பு வந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவில் கோரெங் வகைகள் அனைத்துக்கும் தடை. முன்மொழிந்தவர் திரு. புவனேசன். வழிமொழிந்தவர் திருமதி ஜெயமலர்.

புவனேசனுக்கு மளிகைக்கடை, மொழிபெயர்ப்பு பொழுதுபோக்கு. மலாயில் இருந்த ஏதோ ஓர் ஆரோக்கியப் பட்டியலை எடுத்து அவரே தமிழாக்கினார். கோரெங் என்ற சொல்லிடம் வந்ததும் களைத்திருப்பார் போலிருக்கிறது, அப்படியே விட்டுவிட்டார். எண்ணெயில் முக்கியெடுத்த கோழிக்கும் மலாயில் கோரெங்தான், எண்ணெய் காட்டிப் புரட்டிய சோற்றுக்கும் கோரெங்தான். கோழியைப் பிடிக்கப் போட்ட வலையில் சோறும் விழுந்தது.

அன்று பெட்டி நிறைந்து வந்தது. கோரெங் கெடுதல் என்று வகுப்பில் வாசித்ததோடு சரி, டீச்சர் பிடுங்கவில்லை, திட்டவில்லை. யுவஷினியே மூடியைத் திறக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை வேண்டும் என்று ஜெயமலர் வேண்டாத சாமியில்லை. கிடைத்துவிட்டது. மறுநாள் அவித்த முட்டை, அதற்கடுத்த நாள் இடியப்பம், பிறகு சப்பாத்தி. எல்லாம் போனபடியே திரும்பின. வெள்ளிக்கிழமை ஒரு வாழைப்பழத்தில் பாதி மட்டும் போயிருந்தது. லாரி ஓட்டுகிற கணவன் வசந்தன், பசித்தால் சாப்பிடுவாள் என்று ஜித்ராவிலிருந்து போனில் தத்துவம் சொன்னான். ஜெயமலர் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

அடுத்த வாரம் அவளுக்கு இரண்டு நாள் ஓய்வு. இரண்டாம் நாள் பள்ளிக்கே போய்விட்டாள். சிற்றுண்டிச்சாலையைத் தாண்டும்போது விலைப்பலகை கண்ணில் பட்டது. நூடுல்ஸை மீ கோரெங் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, மீ புரட்டல் என்று எழுதியிருந்தது. கடை நடத்துகிற பாப்பம்மாவிடம் என்ன மாறியது என்று கேட்டாள். காகிதம்தான் என்றாள் பாப்பம்மா, கரண்டியை நிறுத்தாமல்.

ஆசிரியர் அறையில் புவனேசனும் வகுப்பாசிரியை நளினியும் இருந்தார்கள். தான் அன்று கழிவறைக்குத்தான் கை தூக்கினேன் என்று ஜெயமலர் தொடங்கினாள். குறிப்பில் ஏறிவிட்டது, அடுத்த ஆண்டுக் கூட்டம்வரை இறங்காது என்றார் புவனேசன். எழுந்து நடந்தபடியே இவள் கேட்டாள், "அண்ணே, ஒரு தேக்கரண்டி எண்ணெய்தான்லா. அதுக்கும் கோழி முக்குற சட்டிக்கும் ஒரே சட்டமா?"

நளினி பொல்லாதவள் இல்லை. அவள் வகுப்பில் ஒரு பையன் தினமும் பத்து கோழி நகெட்டோடு வருகிறான். இன்னொருத்திக்கு எட்டு வயதிலேயே சர்க்கரை. பள்ளி கண்ணை மூடிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். நியாயம்தான். அந்த நியாயம்தான் ஜெயமலருக்குப் பிடிக்கவில்லை.

"முப்பத்தாறு பெட்டி அக்கா," என்றாள் நளினி. "எண்ணெயை அளக்க எனக்கு நேரம் இல்ல. பேரைத்தான் பார்க்க முடியும்."

"அப்ப பேரை மாத்திட்டா?"

நளினி புவனேசனைப் பார்த்தாள். புவனேசன் கூரையைப் பார்த்தார். கால்மணி நேரத்தில் புரட்டுச் சோறு என்ற புதிய உணவு பிறந்து, அனுமதிப் பட்டியலில் ஏறியது. பெயர் வைத்த பெருமையில் புவனேசன் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். ஜெயமலர் அதை நின்றுகொண்டே குடித்தாள்.

வீட்டில் யுவஷினி புதுப் பெயரைக் கேட்டாள். தாய் அதைச் செய்து அடைத்து வைத்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இது கோரெங் தானே ம்மா?"

புரட்டுச் சோறு என்றாள் தாய்.

"பேரை மாத்தினா பொய்தானே?" பெட்டியை மூடினாள். பிறகு, இன்னும் மெதுவாக, "கெடுதல்னு தெரிஞ்சுதானா ரெண்டு வருஷம் கொடுத்தே?"

எட்டு மெஷின் ஒன்றாகச் சிவந்தாலும் என்ன செய்வதென்று ஜெயமலருக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. வழிமொழிந்தவள் என்ற பெயர்கூட இப்படி உறுத்தவில்லை. அன்று மாலை முழுக்க அவள் நடந்ததில் வீட்டுத் தரை தேய்ந்திருக்கும்.

மறுநாள் பகல் ஷிப்ட். ஐந்து மணிக்கு மகளை எழுப்பி அடுப்பின் முன்னால் முக்காலி மேல் நிறுத்தினாள். தேக்கரண்டியை அவள் கையில் கொடுத்தாள். "நீயே ஊத்து. நான் எவ்வளவு ஊத்தினேன்னு பாரு."

யுவஷினி தூக்கக் கண்ணோடு ஒரு கரண்டி ஊற்றினாள். சோறு அதைக் குடித்துவிட்டு, சட்டியில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. குனிந்து பார்த்தாள், கரண்டியால் ஒதுக்கி அடியையும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பிள்ளை யோசித்தது. பிறகு நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து, அழகான கையெழுத்தில் 'நாசி கோரெங். எண்ணெய் ஒரு தேக்கரண்டி' என்று எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் மட்டும் வேண்டாம் ஆயி, டீச்சர் பார்ப்பாங்க என்று தாய் கெஞ்சினாள். பார்க்கட்டும் என்றது பிள்ளை. வாசலில் தொழிற்சாலை பஸ் ஹார்ன் அடித்தது.

பத்தரை மணி ஓய்வில் அலமாரியிலிருந்து போனை எடுத்தால் நளினி மூன்று முறை அழைத்திருந்தாள். ஜெயமலர் நடைபாதையில் நடந்துகொண்டே திரும்ப அழைத்தாள். நளினி குரல் தாழ்த்திப் பேசினாள். பட்டியலில் புரட்டுச் சோறு என்று ஏற்றியிருக்கும்போது மூடியில் கோரெங் என்று எழுதி அனுப்பலாமா, மற்ற பிள்ளைகள் கேட்கிறார்கள், புவனேசன் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது...

"சாப்பிட்டாளா டீச்சர்?"

"அக்கா, நான் என்ன சொல்றேன்னா..."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா," என்றாள் நளினி. "எண்ணெயா இருக்கான்னு பார்க்க நான் ஒரு ரெண்டு வாய் எடுத்தேன். மீதி எல்லாம் அவதான்."

ஜெயமலர் நன்றி சொல்லி வைத்தாள். நான்கடி நடந்திருப்பாள், நின்றாள். ரெண்டு வாய் என்றால் எவ்வளவு? நளினிக்குக் கை பெரிசு வேறு. நாளையிலிருந்து ஒரு கைப்பிடி சோறு கூடப் போட வேண்டும் என்று கணக்குப் போட்டபடி மறுபடியும் நடந்தாள்.