பறிபோன கிண்ணத்தின் ஜேர்சி

மெல்பேர்னில் றக்பி பார்ப்பவர்கள் குறைவு. டண்டினொங்கில் பிஸ்கற் பெட்டி அடுக்கும் வேலையில் எனக்குப் பக்கத்தில் நின்ற சமோவாப் பெண்தான் என்னை முதலில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போன பிறகு நான் அவளையும் மிஞ்சிவிட்டேன். பயிற்சி முடியும் நேரம் வேலியோரம் நின்று பந்து, சொக்ஸ் என்று கேட்டு வாங்குவேன். விளையாட்டில் பாவித்த பொருளாக இருக்கவேண்டும், கையெழுத்தும் வேண்டும். கடையில் விற்கும் புதுச் சாமான் எனக்கு வேண்டாம்.

"ஊத்தைச் சொக்ஸைக் கொண்டுவந்து சாமியறைக்குப் பக்கத்தில வைக்கிறீர்," என்று கணவர் சிரிப்பார்.

2009இல் எங்கள் மெல்பேர்ன் அணி இறுதிப்போட்டியில் வென்று கிண்ணத்தை எடுத்தது. அதற்குப் பிறகு நடந்த ரசிகர் சந்திப்பில், முன்வரிசையில் ஆடும் பெரிய பொடியன் ஒருவன் என்னை அடையாளம் கண்டு, அந்தப் போட்டியில் போட்டிருந்த ஜேர்சியையே தந்தான். கழுத்து கிழிந்திருந்தது. தோளில் புல்லுக்கறை. நெஞ்சுப் பக்கம் கையெழுத்துப் போட்டு, "மழையிலும் வந்து நின்றீர்களே, அதற்காக," என்றான். அதை ஹோலில் மாட்டி, வீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் காட்டினேன்.

அடுத்த ஆண்டு செய்தி வந்தது. ஓர் அணி தன் ஆட்களுக்கு இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. எங்கள் அணி அதற்கு மேல் ஒளித்துக் கொடுத்திருக்கிறது. கிண்ணத்தைப் பறித்துவிட்டார்கள். நான் கத்தியதும் அழுததும் நடக்காத ஒன்றுக்காக என்று ஆகிப்போனது. எல்லா அணிகளும் செய்வதுதானே என்றாள் சமோவாக்காரி. எனக்கு அதில் ஆறுதல் இல்லை.

ஜேர்சியை எடுத்துக்கொண்டு பயிற்சித் திடலுக்குப் போனேன். அவன் தலையைக் குனிந்தபடி வேலியோரமாக வந்தான். ஜேர்சியை நீட்டிக் காட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"உமக்கு அப்பவே தெரியுமா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜேர்சியை வாங்கி, பழைய கையெழுத்துக்குக் கீழே இன்னொன்றைக் கிறுக்கித் தந்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். கேள்வி அவன் காதில் விழுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் அப்படியே இருந்தேன். கணவர் இரண்டு கையெழுத்தையும் பார்த்தார்.

"தேத்தண்ணி போடட்டே?"

"ஓம்."

ஜேர்சியை மடித்துச் சூட்கேசுக்குள் வைத்தேன். பிறகு 2012இல் அதே அணி திரும்பவும் வென்றது, இந்த முறை நேர்மையாக. வேலைத்தலத்தில் கேக் வெட்டினார்கள். சமோவாக்காரி எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து தந்தாள். சாப்பிட்டேன். எத்தனைக்கு எத்தனை புள்ளியில் வென்றார்கள் என்று கேட்கவில்லை.