வெள்ளைக் கல்லும் மருந்துக் கையும்

மேசை வாங்கினது என் வீட்டுக்காரிக்காகத்தான். அவளுக்கு மூட்டுவலி. தரையில உக்காந்து சாப்பிட்டா, சுவரைப் பிடிச்சுத்தான் எந்திரிக்கணும். கல்லு மேசை ஒண்ணு போட்டா ஆயுசுக்கும் கிடக்கும்னு நான்தான் சொன்னேன்.

நான் சிவகாசியில லாரி செட்டுல லோடு ஏத்துறவன். அவ நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போறா. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. எங்க பக்கம் மருந்துன்னா மாத்திரை இல்ல, வெடிக்குப் போடுற தூள். சாயங்காலம் வரும்போது அவ கை ரெண்டும் வெள்ளி பூசின மாதிரி இருக்கும். சோப்புக்கு லேசுல போகாது.

விருதுநகர் ரோட்டுல ஒரு கல்லுக் கடை. ரெண்டு பேரும் போனோம். அவ நேரா கறுப்புக் கிரானைட்டுகிட்ட போய் நின்னா.

"இதை எடுப்போங்க. அழுக்குத் தெரியாது."

என் கண்ணு வெள்ளை மார்பிள் மேல. ஒரு தடவை பெரிய வீடு ஒண்ணுக்கு லோடு இறக்கப் போனேன். அங்க இருந்துச்சு அப்படி ஒரு மேசை. வாசல்ல நின்னு பார்த்ததுதான், உள்ள கூப்பிடல. அது மனசுலயே கிடந்துச்சு.

கடைக்காரர் கல்லைத் தட்டிக் காட்டினார். கணீர்னு கேட்டா விரிசல் இல்லன்னு அர்த்தமாம். ரெண்டு கல்லு மேலயும் தண்ணி தெளிச்சார். கறுப்புல தண்ணி அப்படியே நின்னுச்சு. வெள்ளை கொஞ்ச நேரத்துல உறிஞ்சிக்கிச்சு.

"வெள்ளைன்னா பதனமா வச்சுக்கணும்ணே. புளிப்பு மட்டும் ஆகாது. சிந்துனா உடனே தொடச்சிருங்க"ன்னார்.

"கல்லு வாங்குறீகளா, பாலு வாங்குறீகளா? நம்ம பொழப்புக்கு இம்புட்டு வெள்ளை எதுக்கு?"ன்னா அவ. கடைக்காரர் சிரிச்சார். நான் சிரிக்கல. வெள்ளையைத்தான் எடுத்தேன்.

செட்டு ஆளுக நாலு பேரு தூக்கிட்டு வந்தாக. "ஏலே, பொணம் கூட இம்புட்டு கனக்காதுலே"ன்னு ஒருத்தன் வஞ்சுக்கிட்டே வந்தான்.

ஜன்னல் பக்கம் போட்டேன். பின்னால சுவத்துக்கு இளம்பச்சை அடிச்சேன், வெள்ளையை எடுப்பாக் காட்டும்னு. விரிப்புப் போட விடல, கல்லு மறைஞ்சு போகும்னு. சூடான சட்டிக்கு அடியில வைக்க, அச்சாபீஸ்ல கழிச்ச காலண்டர் அட்டை கொண்டாந்தேன். எல்லாம் சாமி படம். "முருகன் மூஞ்சியிலயா கொழம்புச் சட்டி வைக்கச் சொல்றீக?"ன்னு திருப்பிப் போட்டா.

"மருந்துக் கையோட மேசையத் தொடாத"ன்னேன். முதல்ல ஒரு தடவை சொன்னேன். பெறகு தினமும் சொன்னேன்.

அவ எலுமிச்சை மூடி போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சா. கம்பெனியில மத்த பொம்பளைகளும் அப்படித்தானாம். தேய்ச்சுத் தேய்ச்சு விரலிடுக்குல தோலு வெடிச்சுப் போச்சு. உப்பு பட்டா எரியுதுன்னு சோத்தை ஸ்பூன்ல சாப்பிட்டா. பார்த்தேன். ஒண்ணும் கேட்கல. மேசை சுத்தமா இருந்துச்சு, அது போதும்னு இருந்துட்டேன்.

ஆடி பிறந்த சமயம் அவ அண்ணன் வந்திருந்தாரு. மேசையைத் தடவிப் பார்த்தாரு.

"கண்ணாடியே தோத்துச்சு மாப்ள. ஆமா, இங்கன மட்டும் ஏன் மங்கிக் கிடக்கு?"

குனிஞ்சு பார்த்தேன். அவ உக்காருற பக்கம். ஓரத்துல ரெண்டு உள்ளங்கை அச்சு, விரலோட. மூட்டுவலிக்காரி, ரெண்டு கையையும் ஊன்றித்தான் எந்திரிப்பா. துணியை நனைச்சுத் துடைச்சேன். போகல.

"தொடாத தொடாதன்னு நாயாக் கத்துறேன். மருந்துக் கையை வச்சு கல்லையே நாசமாக்கிட்டியே"ன்னேன். அவ அண்ணன் முன்னாடி.

அவ ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள எடுத்துக்கிட்டா. அவரு மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. காப்பி குடிக்காமப் போயிட்டாரு.

அன்னையில இருந்து அவ அடுப்படித் தரையில உக்காந்து சாப்பிட்டா. சுவரைப் பிடிச்சு எந்திரிச்சா. மேசைக்கு வான்னு கூப்பிட்டேன்.

"இருக்கட்டும். எனக்கு இங்கன வசதியா இருக்கு."

நாலு பேரு சாப்பிடுற மேசையில நான் ஒருத்தன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தீபாவளிச் சீசன் நேரம், அவளுக்குக் கம்பெனியில லீவு கிடைக்கல. பூசாரி ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாரு. அம்மன் பழம் வீணாப் போகக்கூடாதுன்னு வீட்டுக்கு வந்து மேசையில வச்சுப் பிழிஞ்சு குடிச்சேன். நாலஞ்சு சொட்டு சிந்துச்சு. அசந்து உக்காந்துட்டேன். பெறகு துடைச்சா, சொட்டு விழுந்த இடமெல்லாம் மங்கல். அவ கை அச்சுல இருந்த அதே மங்கல்.

மருந்து இல்ல. எலுமிச்சை. புளிப்பு ஆகாதுன்னு கடைக்காரர் சொன்னப்ப நான் ரசத்தைத்தான் நினைச்சேன். அவ கையை நினைக்கல. நான் சொன்னதுக்காகத்தான் அவ தேய்ச்சா. அந்தக் கைதான் கல்லைத் தின்னிருக்கு.

அவ வந்ததும் சொன்னேன். "மருந்து இல்ல புள்ள, எலுமிச்சைதான்"னு. அவ அடுப்பைப் பார்த்துக்கிட்டே கேட்டா.

"அப்ப இனிமே எதை வச்சுத் தேய்க்கணும்?"

நான் திரும்பவும் ஒரு கட்டளை போடுறேன்னு நினைச்சுட்டா.

மறுநாள் அவ கம்பெனிக்குப் போனா. நான் வேலைக்குப் போகல. மார்க்கெட்டுல ஒரு பை எலுமிச்சை வாங்கினேன். வெட்டி வெட்டி மேசை முழுக்கத் தேய்ச்சேன், ஒரு மூலை விடாம. கல்லுல பொடிப் பொடியா நுரை வந்துச்சு. லோடு ஏத்துற கையில எப்பவும் ஒரு கீறல் இருக்கும். சாறு பட்டு எரிஞ்சுச்சு. அவ ஸ்பூன் எடுத்தது அப்பதான் நினைப்பு வந்துச்சு. கழுவித் துடைச்சேன். பளபளப்பு போயே போச்சு. காஞ்ச சுண்ணாம்பு மாதிரி ஆயிருச்சு. கை அச்சு எங்கன இருந்துச்சுன்னு தெரியல.

சாயங்காலம் வந்தவ வாசல்லயே மோந்து பார்த்தா.

"என்ன, ஊறுகாயா போட்டீக?"

மேசையைப் பார்த்ததும் நின்னுட்டா. "கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்களுக்கு? எம்புட்டு ஆசைப்பட்டு வாங்குனீக."

"உக்காரு. சாப்பிடு."

"கை கழுவாமயா? மருந்து வயித்துக்குப் போகவா?"

போய்க் கழுவினா. மூடிதான் வீடு முழுக்கக் கிடக்கே, அதை எடுத்துத்தான் தேய்ச்சா. வந்து உக்காந்து சாப்பிட்டா. எந்திரிக்கும்போது ஈரக் கையை ஊன்றினா. அவ அங்கிட்டுப் போனதும் குனிஞ்சு பார்த்தேன். அச்சு விழல.

இப்பெல்லாம் மேசையிலதான் சாப்பிடுறா. ஆனா எந்திரிக்கும்போது, கையை ஊன்றுறதுக்கு முன்னாடி, ஒரு தடவை என் மூஞ்சியப் பாக்குறா. நான் தட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.