உப்பேரிக் கரையை வெட்டியவள்

லீலாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொன்னால், அது குறைத்துச் சொன்னதாகும். வாய் திறப்பதற்குள் அவளுக்குக் கை இறங்கிவிடும். சொந்த ஊரான மார்டள்ளியில் அவளை முதலில் பெண் பார்க்க வந்தவர், காட்டு வேலை செய்த கைதானா என்று உள்ளங்கையைக் காட்டச் சொன்னாராம். காட்டினாள், அவர் கன்னத்தில். இரண்டாவதாக வந்தவர் அய்யாசாமி. அவர் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். அதனால் தப்பித்தார், அல்லது மாட்டிக்கொண்டார். எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அய்யாசாமி மண் வேலை செட்டு ஒன்றுக்கு மேஸ்திரி. ஏரிக்கரை, வாய்க்கால், அஸ்திவாரக் குழி என்று மண்ணை வெட்டிக் கொட்டிப் பிழைக்கும் சில குடும்பங்கள்; எல்லாரும் மார்டள்ளிப் பக்கத்துச் சொந்தபந்தம். மைசூரில் ஹெப்பாள் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் வந்தவர்கள், அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கிவிட்டார்கள். லீலாவும் மண் சட்டி சுமந்தாள். கூலியைக் குறைக்கப் பார்த்த கான்ட்ராக்டர் ஒருவர் அந்தச் சட்டியை நெற்றியில் வாங்கிக்கொண்டு போன கதை ஹெப்பாளில் ரொம்ப நாள் ஓடியது.

தொண்ணூற்று நான்கில் வனத்துறை வேலை ஒன்று வந்தது. நஞ்சன்கூடு சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு பள்ளம், அதைச் சுற்றிலும் மேட்டு நிலம். ஊர்க்காரர்கள் சவுளுகெரே என்பார்கள். செட்டுக்காரர்கள் உப்பேரி என்றார்கள். மண்ணிலேயே உப்பு. மழைத் தண்ணீர் தேங்கும், வெயில் அதைக் குடிக்கும், கோடையில் பள்ளம் முழுக்க உப்புப் பூத்துக் கிடக்கும். சுற்றிலும் இடுப்புயரப் புல்வெளி. ஒரு காலத்தில் அங்கே வெளிமான்கள் கூட்டமாகத் திரிந்தனவாம். பிறகு பாசனக் கால்வாயின் கடைமடையில் மிஞ்சிய தண்ணீர் பள்ளத்துக்குள் வழிய ஆரம்பித்தது. உப்பு கரைந்தது, கோரை மண்டியது, மீன் வளர்த்தார்கள். புல்வெளியில் தைலமரம் நட்டார்கள். மானும் போயிற்று, பறவையும் போயிற்று.

ரேஞ்சர் கிருஷ்ணராஜ் அதைப் பழையபடி ஆக்க வந்திருந்தார். தைலமரங்களை வேரோடு பிடுங்க வேண்டும். கால்வாய்ப் பக்கம் கரை போட்டு நல்ல தண்ணீர் உள்ளே வராமல் நிறுத்த வேண்டும். இதைக் கேட்டு லீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீரை உள்ளே நிறுத்தத்தான் உலகத்தில் கரை போடுவார்கள். நல்ல ஏரியை உப்பாக்கக் கூலி கொடுக்கிற கூத்தை இங்கேதான் பார்க்கிறேன் என்றாள். சிரித்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. கரை எழும்பியது.

அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் லிங்கப்பன். பக்கத்து ஊர்க்காரர். கரை எழும்பியபோது அவருடைய குத்தகை முடிந்திருந்தது. எப்படியும் புதுப்பித்துவிடலாம் என்று நம்பி, கையிலிருந்ததை எல்லாம் போட்டு மீன்குஞ்சு விட்டுவிட்டார். தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பேறி, மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மனிதன் எரியத்தானே செய்வான்? ஒரு நாள் மத்தியானம் ஆட்களோடு வந்தார். கூடை நிறைய அழுகிய மீனைக் கொண்டுவந்து, செட்டுக்கு வெந்துகொண்டிருந்த சோற்றுப் பானையில் கொட்டினார்.

சோற்றில் கைவைத்தால் லீலா சும்மா இருப்பாளா? சட்டியின் விளிம்பால் ஒரு போடு போட்டாள். லிங்கப்பனின் காது கிழிந்து தொங்கியது. அவருடைய ஆள் ஒருவன் தடியால் அடித்ததில் லீலாவின் முன்பற்கள் இரண்டு போயின. அடித்தவனின் மணிக்கட்டை அய்யாசாமியின் தம்பி காளியப்பன் முறித்தான். போலீஸ் வந்து இரண்டு பக்கத்தையும் மிரட்டிவிட்டுப் போனது. லீலா வாயைக் கொப்பளித்து ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி உலை வைத்தாள்.

மறு கோடையில் பள்ளம் வெளுத்தது. ஓரச் சேற்றில் பூச்சி மொய்த்தது, பூச்சிக்குப் பறவை வந்தது. அதில் நீண்ட சிவப்புக் கால் கொண்ட ஒன்றுக்குச் செட்டுக்காரர்கள் செங்காலி என்று பேர் வைத்தார்கள். சேற்றுத் திட்டில் முட்டையிட்டுவிட்டு, கிட்டே யார் போனாலும் கத்திக்கொண்டு தலைக்கு நேராகப் பாய்ந்து வரும். லீலாவுக்கு அதைப் பிடித்துப்போயிற்று. தன்னைப் போலவே பொறுமையில்லாத ஒரு சாதி இந்த உலகத்தில் இருக்கிறது என்று அவள் அதுவரை நினைத்திருக்கவில்லை. தைலமரம் போன இடத்தில் புல் எழும்பி, முதல் மான்கள் உப்பு நக்க வந்தபோது, சிரித்தவளே காவலுக்கும் நின்றாள். ஒரு நாள் வேட்டைநாய் ஒன்று மான்குட்டியின் தொடையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. குட்டிக்கு இன்னும் உயிர் இருந்தது. லீலா கடப்பாரையால் நாயை அங்கேயே அடித்துக் கொன்றாள். நாய் லிங்கப்பனுடையது. அதற்கப்புறம் இருவரும் எதிரெதிரே வந்தால் நடுவில் நிற்க ஆள் தேவைப்பட்டது.

இங்கே செட்டின் கட்டுப்பாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஏரிக்கரை போட்டவர்கள் அவர்கள். கரை உடைந்தால் முதலில் பார்த்தவன் உடைப்புக்குள் குதித்து முளை மாதிரி நிற்க வேண்டும். மற்றவர்கள் அவனை அண்டக்கொடுத்துத் தாங்கி, முள்ளும் மூட்டையும் எறிந்து அடைக்க வேண்டும். கரையை விட்டு ஓடினவனை மன்னிக்கலாம். கரையை வெட்டினவனுக்கு மன்னிப்பே கிடையாது. அந்தக் கை அதற்குப் பிறகு செட்டில் மண் தொடக்கூடாது. கரைக்குக் கீழே எப்போதும் ஓர் ஊர் இருக்கும், ஊரில் பிள்ளைகள் தூங்கும். அதனால் வந்த கட்டுப்பாடு.

தொண்ணூற்று ஆறு, மே மாதம். கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோதே கோடைமழையும் பிடித்துக்கொண்டது. கரைக்கு வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. உள்ளே திட்டு முழுக்கச் செங்காலி முட்டைகள். சாயங்கால மழையில் லிங்கப்பனும் அவர் ஆட்களும் மண்வெட்டியோடு வந்து கரையை வெட்டினார்கள். சத்தம் கேட்டுச் செட்டு ஓடியது. மழைக்குள் யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாத அடிதடி. காளியப்பனின் மண்டை உடைந்தது. லீலா ஒருவனைச் சேற்றில் அமுக்கி முழங்காலை அவன் முதுகில் ஊன்றியிருந்தாள். அப்போதுதான் வெட்டின இடம் வாய் பிளந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

அய்யாசாமி குதித்துவிட்டார்.

கீழே ஊர் இல்லை, தூங்கும் பிள்ளைகள் இல்லை. இருந்தது உப்பும் சேறும் பறவை முட்டையும். யோசித்திருந்தால் குதித்திருக்க மாட்டார். ஆனால் யோசித்துவிட்டா உடம்பு குதிக்கிறது? லீலாவும்தான் யோசிக்கவில்லை. பிடித்திருந்தவனை விட்டுவிட்டு ஓடிவந்து, செட்டோடு சேர்ந்து புருஷனை அண்டக்கொடுத்து மூட்டை மூட்டையாக எறிந்தாள். உடைப்பு அடைபட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. நனைந்திருந்த கரையின் வெளிப்பக்கம் பெயர்ந்து சரிந்து, தண்ணீர்ப் பக்கமாக நின்ற அய்யாசாமியை இடுப்புவரை புதைத்தது. போக வழியில்லாத தண்ணீர் அவர் மார்புக்கு ஏறியது, கழுத்துக்கு ஏறியது.

நான்கு பேர் இழுத்தார்கள். அவர் அலறினார்; அசையவில்லை. மூழ்கி மூழ்கி மண்ணைத் தோண்டினார்கள். தோண்டின குழியில் மண் திரும்பவும் சரிந்தது. தண்ணீர் இறங்கினால்தான் ஆள் பிழைப்பார். அடைப்பைப் பிடுங்கினால் மொத்த மண்ணும் அவர் மேலேயே சரியும்; தண்ணீர் இறங்க வேண்டுமானால் கரையை வேறொரு இடத்தில் வெட்ட வேண்டும். அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் மண்வெட்டியை எடுக்கவில்லை. காளியப்பன் நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

லீலா எடுத்தாள். அய்யாசாமி பார்த்துவிட்டார்.

"கரைல கை வெக்காத புள்ள. வெக்காத."

அவள் முதல் வெட்டைப் போட்டாள். அவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். கல்யாணமான நாளிலிருந்து திட்டாத மனிதர். வாய்க்குள் தண்ணீர் போனபோதுதான் திட்டு நின்றது. அந்த நேரத்தில் லிங்கப்பன், மற்ற ஆட்கள் ஓடிப்போனபின்னும் ஏனோ ஓடாமல் நின்றிருந்தவர், தண்ணீரில் இறங்கி அய்யாசாமியின் பின்னால் போய், அவர் முகவாயை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். நான் பிடித்துக்கொள்கிறேன், நீ வெட்டு என்று கன்னடத்தில் கத்தினார். லீலா வெறிபிடித்தவளாக வெட்டினாள். இரண்டு வருஷம் தானே சுமந்து கொட்டின மண். கரை திறந்துகொண்டு தண்ணீர் உப்பேரிக்குள் விழுந்தது. திட்டுகள் ஒவ்வொன்றாக மூழ்க, செங்காலிகள் கத்திக்கொண்டு தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொத்தின. புருஷனைத் தோண்டி எடுக்கும் வரை அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எடுத்த பிறகு திரும்பினாள். முட்டைகள் ஓரத்தில் நுரையோடு ஒதுங்கியிருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் அன்றைக்கு அழுதாள்.

உப்பேரி பிழைத்துக்கொண்டது. அடைப்புப் போட்டு, புகுந்த தண்ணீரை வெயில் குடித்து, மறுபடி வெளுக்க இரண்டு கோடை ஆயிற்று. செங்காலிகளும் வந்தன. கரையை உடைத்த கேஸில் லிங்கப்பன் ஜெயிலுக்குப் போவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் போலீஸ் கேட்டபோது, பெரிய உடைப்பு தன்னுடையது என்று லீலா சொல்லிவிட்டாள். கிருஷ்ணராஜ் கோபப்படாமல் அவளையே அங்கே காவலுக்கு வைத்துக்கொண்டார்.

அதெல்லாம் பின்னால். அய்யாசாமியின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது காலிலும் வலு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலமே அவரைத் தூக்கிவந்து ஹெப்பாள் கொட்டகைகளுக்கு நடுவில் உட்காரவைத்துச் செட்டு கூடியது. மேஸ்திரி இன்னும் அவர்தான்; கட்டுப்பாட்டை மீறினவர்களுக்கு அவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். காளியப்பன், அண்ணி வெட்டாமல் இருந்திருந்தால் இந்நேரம் கருமாதியே முடிந்திருக்கும், இதை விட்டுவிடலாம் என்றான். சிலர் ஆமாம் என்றார்கள். அய்யாசாமி தரையைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கரைய வெட்டுன கை செட்டுல மண்ணுத் தொடக்கூடாது. அது ஆரா இருந்தாலுஞ் செரி" என்றார்.

எல்லாரும் லீலாவின் கையைப் பார்த்தார்கள். எங்கே இறங்கப்போகிறதோ என்று முன்னால் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்தும் உட்கார்ந்தார்கள். கை இறங்கவில்லை.

"செரிங்க" என்றாள். "சொல்றதுக்கு உங்களுக்கு உசுரு இருக்குதல்லங்க. எனக்கு அது போதும்."

கூட்டம் கலைந்தது. அய்யாசாமி எழுந்து போக முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். லீலா அவருக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தாள். அவர் தயங்கினார். கழுத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு, தன்னைத் தள்ளிவைத்தவரை முதுகில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள்.