கால் கட்டைவிரலில் கட்டிய கயிறு

பொய் சொல்வதில் எனக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. ஆனால் இது பொய்யில்லை. பொய்யாக இருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன்.

ஆட்சி மாறிய மறு வருஷம், தை மாதம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. நான் ஸ்டேஜ் மேனேஜர். ராஜா முதல் பபூன் வரை எல்லாரும் வெளிச்சத்தில் நிற்பார்கள். நான் மட்டும் இடது ஓரத்து இருட்டில். வலது ஓரத்து இருட்டில் இராஜாங்கம். முன்திரை இரண்டு பாதி. ஆளுக்கொரு பாதியை ஒரே நேரத்தில் இழுக்கவேண்டும். கைகளுக்கு வேலை இருப்பதால் கால் கட்டைவிரலில் கயிறு கட்டிக்கொள்வோம். அதுவும் ஆளுக்குப் பாதி. என் பாதியை மேடைப் பலகைக்கு அடியில் வீசுவேன். அவன் தன் பாதியோடு முடிச்சுப் போடுவான். நான் இரண்டு முறை இழுத்தால், 'தயாரா?' அவன் ஒரு முறை இழுத்தால், 'தயார்.' ராத்திரி முழுக்க எனக்கு அதுதான் பேச்சுத்துணை.

அன்று மத்தியானம் இராஜாங்கம் தன் கயிற்றை வழக்கம்போல் இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பினான். இரண்டு மைல் தள்ளி அவன் ஊர். அங்கே அறுவடைக் கூலித் தகராறு.

"போகாதய்யா, அடிதடி ஆவும்."

"நம்ம நாடகத்துல மூணாவது சீன்லயே பண்ணையார் திருந்திடுறாரு. அங்க முதல் சீனே முடியல மேனேஜரே. மூணாவது மணி அடிக்கிறதுக்குள்ள வந்துடுறேன்."

முதல் மணி அடித்தேன். வரவில்லை. இரண்டாவது மணி. அவன் ஊரில் கம்பு சுழன்றதாக யாரோ சொன்னார்கள். கம்பெனி முதலாளி பஞ்சநதம் பல்லைக் கடித்தார்.

"திரையத் தொறய்யா. கூட்டம் கல்லெறியும்."

ராத்திரி பத்து. மூன்றாவது மணி அடித்தேன். கயிற்றை வீசி, காலால் இரண்டு முறை இழுத்தேன்.

ஒரு நீண்ட நேரம்...

ஒரு இழுப்பு.

அப்பாடா, வந்துவிட்டான்! இரண்டு பாதியும் அழகாகத் திறந்தன.

ஆனால் எதிர் ஓரத்தில் அவன் பீடிக் கனல் தெரியவில்லை. ஒவ்வொரு சீனுக்கும் பதில் தாமதமாகவே வந்தது. பலகைக்கு அடியில் பெண்கள் அழும் சத்தம்... அழுகைச் சீன் இன்னும் வரவில்லை.

பின்னிரவு இரண்டு பத்து. கடைசித் திரை. இழுத்தேன்.

ஒரு இழுப்பு. விடவில்லை.

கயிறு இறுகியது...

இறுகியது...

விட்டது. திரை மூடியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

என் கயிற்றை இழுத்தேன். சுலபமாக வந்தது. முனையில் முடிச்சே இல்லை.

விடிந்ததும் அவன் ஊருக்குப் போனேன். முந்தின நாள் பொழுது சாயும் முன்பே மண்டையில் அடிபட்டுச் செத்திருந்தான். வாசலில் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது அவன் பாதிக் கயிறு.

அவன் மனைவி ராசம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ராத்திரி பூரா இவரு காலு, ரெண்டு ரெண்டு தடவ வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துச்சுங்க. கட்டு அவுருதுன்னு ஒவ்வொரு வாட்டியும் நான்தான் ஒருக்கா இழுத்து இறுக்குனேன். கடைசி வாட்டி விட மனசு வரல. புடிச்சுக்கிட்டே இருந்தேன்."

சரி. எனக்குப் பதில் சொன்னது ராசம்மாள்.

அப்படியானால், வலது பாதித் திரையை இழுத்தது யார்?