வாசலில் கிடந்த செருப்பு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு சாயங்காலம் உலகம் முடிந்துபோனது. திரேஸ்புரத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பா மாதா கோயில், அம்மா சபை. அப்பா தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகிறவர். போனால் திரும்ப ஒரு மாதமாவது ஆகும். அப்படி ஒரு பயணத்தின்போதுதான் பக்கத்துத் தெரு ஜெபக்கூட்டத்துக்கு யாரோ அம்மாவை அழைத்துப் போனார்கள். போன இடத்தில் அவள் பேச்சைக் கேட்க ஆள் இருந்தது. அடுத்த பயணம் முடிந்து அப்பா வந்து இறங்கியபோது, அம்மா ஞானஸ்நானம் எடுத்து, சபை முறைப்படி நகைகளைக் கழற்றியிருந்தாள். தாலியையும்தான். அப்பா சண்டை போடவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். பிறகு தாலியை எடுத்து, வீட்டிலிருந்த மாதா சுரூபத்துக்குக் கீழே இருந்த கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்.

"அங்கனயே கெடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அப்பா ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கம்மலுக்கு ஓய்வே கிடையாது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு அப்பாவோடு பூசைக்குப் போவேன். பத்து மணிக்குக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அம்மாவோடு சபைக்குப் போவேன். பூசையில் மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அம்மா இருப்பாள், எனக்கு இருக்க மாட்டாள். சபையில் மற்றவர்களுக்கு அப்பா இருப்பார், எனக்கு இருக்க மாட்டார். கூடப் பிறந்தவர்களும் கிடையாது. அதனால் தினமும் படுக்கும்போது ஒரே ஜெபம்தான் செய்வேன். எல்லாக் கோயிலும் ஒரே கோயிலாகிவிட வேண்டும். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் நான்.

அந்த ஜெபத்தில் எவ்வளவு பெரிய ஆபத்து இருக்கிறது என்பதைச் சபையின் பாஸ்டர் ஒரு நாள் விளக்கினார். கடைசிக் காலத்தில் எல்லாச் சபைகளும் ஒன்று சேருமாம். அதைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாதாம். அந்திக்கிறிஸ்து வருவதற்கான அடையாளமே அதுதானாம்.

"வேதக்கோயில் ஐயரும் மாதா கோயில் சாமியாரும் என்னைக்குக் கைகோத்து வாராங்களோ, அன்னைக்கு ஆண்டவரோட வருகை வாசலுக்கு வந்துட்டுன்னு அர்த்தம். ஒருத்தரப் பரலோகத்துக்கு எடுத்துக்கிடுவாரு, பக்கத்துல நிக்கவர விட்டுட்டுப் போயிருவாரு" என்றார். மாதா சுரூபம் இல்லாத சீர்திருத்தக் கோயில்தான் வேதக்கோயில்; அதன் போதகரை எங்கள் ஊரில் ஐயர் என்போம்.

அப்படி விட்டுவிடப்பட்டவர்களுக்குச் சபையில் பெயர் கைவிடப்பட்டவர்கள். அன்றோடு அந்த ஜெபத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் அதுவரை செய்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால் அழுவாள். அப்பா கடலில் இருந்தார்.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். பள்ளிக்கூட வேனில் வந்துகொண்டிருந்தேன். கடற்கரைச் சாலை திரும்பும் இடத்தில், வெள்ளை அங்கியில் சாமியாரும், அவர் பக்கத்தில் வேதக்கோயில் ஐயரும், கூடவே எங்கள் பாஸ்டரும் வேகமாக நடந்து போனார்கள். சாமியார் பாஸ்டரின் கையைப் பிடித்திருந்தார்.

போச்சு, என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் ஓர் ஆள் இல்லை. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது. செருப்பில்லாமல் அவள் தெருமுனைக் குழாய்க்குக்கூடப் போக மாட்டாள். உள்ளே அடுப்பு அணைந்து, களைந்த அரிசி சட்டியில் அப்படியே இருந்தது. எப்போதும் கையில் ஜெபமாலையோடு இருக்கும் மாடிவீட்டு அக்காவைத் தேடி ஓடினேன். ஜெபமாலைக்காரர்களை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது பாஸ்டரின் கணக்கு. அங்கேயும் பூட்டு. திரும்பி வந்து பார்த்தால் மாதாவின் கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே தாலி இல்லை. தாலியைக்கூட எடுத்துக்கொண்டார்கள், என்னை எடுத்துக்கொள்ளவில்லை.

கம்மல்தான் காரணமாக இருக்கும் என்று தோன்றியது. இரண்டையும் கழற்றி அம்மாவின் செருப்பின் மேல் வைத்தேன். வானத்தைப் பார்த்து, கழத்திட்டேன், இப்போ வாங்க, என்றேன். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வெளியூர்களில் தனியாக இருந்திருக்கிறேன். அந்த வாசல்படியில் இருந்ததுபோல் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை.

பொழுது சாயும் நேரத்தில் முக்குக்கடை அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. அவரை விட்டுவிட்டுப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. துணைக்கு ஒருவராவது மிஞ்சினாரே என்று அழுகை வந்துவிட்டது.

"ஏளா, இங்கனயா இருக்க? ஒன்னியக் கூப்பிட மாடிவீட்டுப் பிள்ள பள்ளிக்கூடத்துக்குல்லா போயிருக்கு! ஏறு. ஒங்கம்ம மாதா கோயில்ல இருக்கா."

அம்மாவா, மாதா கோயிலிலா?

கோயிலுக்குள் நிற்க இடமில்லை. முன்வரிசையில் சாமியாரும் ஐயரும் பாஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அப்பாவின் தோணியைக் காணவில்லை என்று மத்தியானம் செய்தி வந்திருக்கிறது. தோணியில் இருந்த எட்டுப் பேர் மூன்று கோயிலையும் சேர்ந்தவர்கள். கடலில் ஆளைக் காணவில்லை என்றால் எங்கள் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வெறுங்காலோடு கோயிலுக்குப் போவார்கள். சபைக்குப் போன அம்மாவின் கால்களும் அதை மறந்திருக்கவில்லை. அவள் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது.

ஓடிப்போய் அவள் முதுகில் அடித்தேன். "என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!"

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "எங்கயும் போகல, இங்கனதான இருக்கேன்" என்றாள். அப்பாவைப் பற்றி அவள் சொன்னது என் காதில் விழவே இல்லை. உலகம் முடியவில்லை. எல்லாரும் ஒரே கோயிலில் இருந்தார்கள். அம்மா என் பக்கத்தில் இருந்தாள். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அன்று அந்தக் கோயிலில் சிரித்த முகத்தோடு இருந்தவள் நான் ஒருத்திதான். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மூன்றாம் நாள் ஒரு சரக்குக் கப்பல் எட்டுப் பேரையும் தூக்கிவிட்டதாகப் போன் வந்தது. அப்பா கறுத்து மெலிந்து வீடு வந்து சேர்ந்தார். அம்மாவின் கழுத்தைப் பார்த்தார், திறந்து கிடந்த கண்ணாடிப் பெட்டியை மூடினார். மூன்று கோயில்காரர்களும் அவரவர் கோயிலில் தனித்தனியாக நன்றி சொன்னார்கள்.

பாஸ்டர் நல்லவர். அதட்டவில்லை. தாலியைக் கழற்றிவிட்டு வாருங்கள், திருவிருந்தில் அப்பம் தருகிறேன் என்று வீட்டுக்கே வந்து சொன்னார்.

"இது நான் ஆண்டவர்ட்ட கேட்டு வாங்குன உசுரு. கழத்த மாட்டேன்" என்றாள் அம்மா.

அப்படியானால் பூசைக்கு வா என்று அப்பா கூப்பிட்டார். "அங்கன வந்தா மாதா குடுத்தான்னு சொல்லச் சொல்லுவாவ. நான் அவகிட்ட கேக்கலய" என்று அதற்கும் மறுத்துவிட்டாள். சபைக்குப் போவதும் நின்றது. அங்கிருந்து அவளைத் தேடி வந்தவர்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திவிட்டார்கள்.

என் கம்மலுக்கு ஓய்வு கிடைத்தது. அப்பா ஊரில் இருந்தால் அவரோடும், இல்லாவிட்டால் மாடிவீட்டு அக்காவோடும் பூசைக்குப் போவேன். முடிந்ததும் அம்மாவை எடுத்துக்கொண்டுவிட்டார்களோ என்ற பயத்தில் வீட்டுக்கு ஓடி வருவேன். வாசலில் அவள் செருப்பு கிடக்கும். உள்ளே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் தனியாகப் பாடிக்கொண்டிருப்பாள். அம்மா இருக்கிறாள் என்று நிம்மதியாகி விளையாடப் போய்விடுவேன். கைவிடப்பட்டவள் அவள்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.