தெருமுனையில் நின்று கேட்ட ஜமால் பாய்

"பாய் போயிட்டாருங்க" என்று மட்டும்தான் தொலைபேசியில் சொன்னார்கள். பேர் சொல்லவில்லை. திருவண்ணாமலையில் பாய் என்று கூப்பிட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் என்னைப் போல மேடையில் பிழைத்தவர்களுக்கு ஒரே பாய்தான். வேலூரிலிருந்து வரும் பேருந்தில், போளூர் தாண்டி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு யாரோ எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னக்கடைத் தெருவை ஒட்டிய சந்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டும் ரிப்பேர் பார்த்துக்கொண்டும் இருந்தவர் ஜமால் பாய். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், தீபத் திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் அவர் கடையிலிருந்துதான் போகும். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாட்டு என்றால் காத தூரம். காதலிப் பாட்டுக்கும் கடவுள் பாட்டுக்கும் வித்தியாசம் கேட்டால், "ரெண்டுலயும் ட்ரிபிள் ஜாஸ்தி" என்று, கீச்சென்ற மேல் ஒலியை மட்டும் சொல்வார்.

அவர் வேலை செய்கிற விதம் வேடிக்கையாக இருக்கும். செட்டைத் திறந்து, ஈயம் வைத்து, மூடி முடித்ததும், எதிரில் இருப்பவர் கையில் மைக்கைக் கொடுத்து, "பேசிக்கினே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து, தெருமுனை சலூன் வாசலில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்பார். மைக்கைப் பிடித்தவர் பாடு திண்டாட்டம். ஒன் டூ த்ரீ முடிந்து, ஊர்ப் பேர் எல்லாம் சொல்லி முடிந்து, அதற்கு மேல் என்ன பேசுவது? செங்கத்திலிருந்து வந்த ஒரு காய்கறி வியாபாரி வேறு வழியில்லாமல் தன் மருமகன் குடிப்பதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பாய் திரும்பி வந்து அவரிடம், "செட்டு நல்லாயிருக்கு. மருமவன்தான் சரியில்ல" என்றார்.

ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கிட்ட நின்னா எல்லா செட்டும் நல்லாதான் இருக்கும் சேகரு. பௌர்ணமிக்கு மலை சுத்த வர்ற கூட்டத்துல ஒரு கொழந்த காணாம பூடுதுன்னு வெச்சிக்க. மைக்ல பேர் சொல்றாங்க. கடைசில நிக்கிறாளே அந்தத் தாய், அவளுக்குப் பேர் வெளங்கணும். சத்தம் கேட்டா போதாது, பேர் வெளங்கணும்" என்றார். அவருக்கு நல்ல ஒலி என்றால் அதுதான்.

இனி என் கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் எங்களூர் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். பகலில் தாலுகா அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மெட்ராஸில் யாரோ பெட்டி கட்டி விற்ற பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் வாசித்தால் பிஸ்கட் டின்னில் ரப்பர் பேண்டைக் கட்டி மீட்டியதுபோல இருக்கும். அது வரைக்கும் யாரும் குறை சொல்லவில்லை. குழுவுக்குப் புதிதாக ஒரு கீபோர்டு வந்தது. அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் கிட்டார் சத்தம், என் கிட்டாரைவிட நன்றாகவே, வந்தது. குழுத் தலைவர் ராஜமாணிக்கம் அண்ணன் ஈவிரக்கமில்லாத மனிதர் அல்ல. ஆனாலும் ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் தோளில் கை போட்டு, "தீபம் வரைக்கும் பாக்கலாம்பா. அப்புறம் நீயே யோசிச்சி சொல்லு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மேடை இல்லாவிட்டால் நான் வெறும் டைப்பிஸ்ட். அந்த நினைப்பே எனக்குத் தாங்கவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன். "டோன் நல்லா வரணும் பாய். என் பொழப்பே இதுலதான் இருக்கு" என்றேன். ஒரு வாரம் வைத்திருந்தார். கண்டென்சர்களை எல்லாம் மாற்றி, பேஸைக் கம்மி பண்ணி, ட்ரிபிளை ஏற்றி, கூடவே ஒரு குழாய் ஸ்பீக்கரையும் மாட்டிவிட்டார். நேரம் இல்லாததால் வாசித்துப் பார்க்காமலேயே அடி அண்ணாமலையில் ஒரு கல்யாண வரவேற்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். முதல் பாட்டில் என் முறை வந்தது. நான்கு சுரம் வாசித்திருப்பேன். பந்தியில் இருந்த ஒருவர் உரக்க, "யாருப்பா காணாம பூட்டாங்க?" என்று கேட்டார். பந்தல் மொத்தமும் சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள்.

கேட்டுப் பார்க்க வந்திருந்த பாய் மட்டும் சிரிக்கவில்லை. ஊர்க்கோடிப் புளியமரத்திலிருந்து முகமெல்லாம் மலர்ச்சியாக நடந்து வந்தார். "புளியமரத்தாண்ட நின்னு கேட்டேன் சேகரு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா வெளங்குச்சி!" அவரைப் பொறுத்தவரை அது வெற்றி. நான் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். "இது கிட்டாரு பாய். காணாமப்போன கொழந்த இல்ல" என்று கத்தியது நினைவிருக்கிறது. அவர் குழாயைக் கழற்றித் துணியில் சுற்றினார்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், அவரே என் வீட்டுக்கு வந்தார். "ஒயரு, பொட்டி ஒண்ணும் வேணாம். சும்மா வாசி" என்றார். நான் முறைப்போடுதான் வாசித்தேன். எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டவர், எழுந்து வந்து கிட்டாரின் மரத்தில் காதை வைத்தார். அவர் தொப்பி என் முழங்கையில் இடித்தது. வெகு நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது, "இருவது வருசமா தூரமாவே நின்னு கேட்டுட்டேன். இது கிட்ட வந்து கேக்கற சாமானு" என்றார். இவ்வளவு எளிதாகத் தன் தவறை ஒப்புக்கொண்ட வேறொருவரை நான் பார்த்ததில்லை. என்னால் அது முடியாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுபடி வேலை தொடங்கியது. இந்த முறை மாலையில் அலுவலகம் விட்டதும் நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு கண்டென்சரை வைப்பார், வாசிக்கச் சொல்வார், பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்பார், தலையை ஆட்டிவிட்டு எடுத்துவிடுவார். ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த, யாரோ பழைய இரும்புக்குப் போட்டிருந்த ரேடியோகிராமிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கரைக் கழற்றி வந்து மாட்டினார். அதன் காகிதக் கூம்பு ஓரத்தில் கிழிந்திருந்தது. டிஷ்யூ பேப்பரும் பசையும் வைத்து ஒட்டினார். பெட்டியின் பின்பலகையில் பாதியை ரம்பத்தால் அறுத்தெடுத்தார். "மூச்சு விடட்டும்" என்றார். எல்லாம் முடிந்ததும் சத்தம் பழையதைவிடக் குறைந்திருந்தது. நான் பயந்துபோனேன். "அது கத்த வேணாம்பா, பேசுனா போதும். முன்னாடி ஒரு மைக்க வெக்கறேன். கத்தறதுக்கு நம்ம செட்டு கீது" என்றார்.

அந்த ஒலியை எப்படிச் சொல்வது? அடுப்பில் சுண்டிய பாலின் நிறம் இருக்குமே, அதற்கு ஒரு சத்தம் இருந்தால் அப்படி இருக்கும். நான் வாசித்த முதல் சுரம் முழுக்க அடங்கிய பிறகுதான் அவர் பெட்டியிலிருந்து உள்ளங்கையை எடுத்தார். பிறகு அவர் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, பழக்கத்தை விடாமல், சலூன் வரைக்கும் நடந்தார். அங்கிருந்தே கையை உயர்த்திக் காட்டினார்.

அந்த வருடம் தீபத் திருவிழாவின்போது எங்கள் கச்சேரி. மைக் செட் பாயுடையதுதான். மூன்றாவது பாட்டில் எனக்கு நீண்ட தனி வாசிப்பு. முடித்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை. ராஜமாணிக்கம் அண்ணன் பூரித்துப்போய், மைக்கைப் பிடித்து, "நம்ம சேகர் கிட்டார்ல இன்னைக்கி ஒரு புது சவுண்டு கேக்கறீங்க. எங்க பண்ணப்பா இத?" என்று கேட்டு, மைக்கை என் வாயருகே நீட்டினார்.

முன்வரிசையில் வேறு குழுக்களின் கிட்டார்க்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாயின் பேரைச் சொன்னால் நாளைக் காலையில் இருவரும் அந்தச் சந்தில் நிற்பார்கள். இந்த ஒலி எனக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்று தோன்றியது. சந்துக் கடையில் பண்ணியது என்று சொல்வதும் அந்த நேரத்தில் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "மெட்ராஸ்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அங்க ஒருத்தர் ஸ்பெஷலா பண்ணிக் குடுத்தாரு" என்றும் சேர்த்துக்கொண்டேன். பெட்டி மெட்ராஸில் வாங்கியதுதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பாய் மேடைப் பக்கத்தில் இல்லை. அவர் எங்கே நின்றிருப்பார் என்பது அடுத்த பாட்டின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. கூட்டத்தின் கடைசியில், தெரு திரும்புகிற இடத்தில், தலையைச் சாய்த்து நின்றிருப்பார்.

மறுநாள் கடைக்குப் போனேன். அவர் ஒயர்களைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "நேத்து கடைசில சவுண்டு நல்லா கேட்டுச்சா பாய்?" என்று கேட்டேன். அதைக் காட்டிலும் முட்டாள்தனமாக ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒவ்வொரு வார்த்தையும் வெளங்குச்சி" என்றார். பிறகு எனக்கு டீ சொன்னார்.

கீபோர்டு ஒரு பக்கம் இருந்தது, நான் ஒரு பக்கம் இருந்தேன். குழு கலையும்வரை என் நாற்காலியை யாரும் கேட்கவில்லை. அந்தக் கிட்டார்க்காரர்கள் இரண்டு பேரும் தங்கள் பெட்டிகளை மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாய் அதன் பிறகு இன்னொரு கிட்டார் ஆம்ப்ளிஃபையரைத் தொடவே இல்லை. தொட யாரும் கொண்டுவரவில்லை. என்னுடையது இரைச்சல் போட்டால் மட்டும், கூப்பிடாமலே வந்து பார்த்துவிட்டுப் போவார். எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் டீ வந்தது, அல்லது மழை வந்தது, அல்லது எனக்குத் தைரியம் வரவில்லை. வேலூருக்கு மாற்றல் வந்ததும் அதுவும் ஒரு சாக்காகிவிட்டது.

சென்ற மாதம், ஊரிலுள்ள மைக் செட்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சந்து முனையில் அவருக்கு ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவர் கடைச் செட்டையே கட்டியிருந்தார்கள். நான் சீக்கிரமாகப் போய், "ஒரு குழாய பாய் வீட்டுப் பக்கம் திருப்பி வையிங்க" என்று கேட்டுக்கொண்டேன். கணவர் இறந்தபின் வெளியே வராமல் இருக்கும் இத்தா நாட்களில் அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், இரண்டு தெரு தள்ளி வீட்டுக்குள் இருந்தார். என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். என் கிட்டாருக்கு அந்த ஒலியைக் கொடுத்தவர் மெட்ராஸ்காரர் யாருமில்லை, ஜமால் பாய். மேடையில் நான் சொன்னது பொய். அவ்வளவுதான் பேச முடிந்தது.

கூட்டம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"கேட்டுச்சி தம்பி. எல்லாம் வெளங்குச்சி."

"பாய் அந்தக் கச்சேரி அன்னைக்கி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராக்கா?"

"சிரிச்சிக்கினேதான் வந்தாரு. நம்ம செட்டு பொய்யக்கூட பிசிறில்லாம கொண்டாந்து சேக்குதுன்னாரு."

எனக்கு நெஞ்சு லேசானது. "சிரிச்சாரா?" என்று மறுபடி கேட்டேன்.

"சிரிச்சாருப்பா." உள்ளே யாரையோ எனக்கு டீ போடச் சொன்னார். "அப்புறம் சோறு வேணாம்னுட்டாரு."

அன்றைக்கு அந்தக் கச்சேரியைக் கேட்டவர்களில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். அது திருவண்ணாமலையில், சின்னக்கடைத் தெருவை ஒட்டிய சந்தில் நடந்த வேலை. அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஸ்பீக்கரின் ஓரத்தில் அவர் ஒட்டிய காகிதம் இன்னும் பிரியவில்லை. வாசித்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் இது எங்கே செய்தது என்று கேட்கிறார்கள். கேட்பவர் ஒருவர்தான் இருப்பார், அதுவும் பக்கத்து நாற்காலியில். இருந்தாலும் அவர் பேரைத் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரித்தான் சொல்கிறேன்.